வேலாங்குளம் அணியின் பன்னிரண்டாவது ஆள்

ஒரு விடுகதை போடுகிறேன் தம்பி, விடை சொல்லுங்கள் பார்ப்போம். பஸ் இப்போதைக்குக் கிளம்பாது. டிரைவர் இப்போதுதான் ஓட்டலில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பதினொரு பேர் ஒரு பருவம் முழுக்க ஆடினார்கள். ஊரே கூடிப் பார்த்தது. ஓர் ஆட்டத்திலும் அவர்கள் ஜெயிக்கவில்லை. ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஓர் ஆட்டமும் சமமாக முடியவில்லை. யார் அவர்கள்?

கூத்துக்காரர்களா? நல்ல பதில். நிறையப் பேரிடம் போட்டிருக்கிறேன், இவ்வளவு நல்ல தப்பான பதிலை யாரும் சொன்னதில்லை. கூத்துக்காரர்கள் இல்லை. வேலாங்குளம் மிஷன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி. யுத்தம் வருவதற்கு முந்திய வருஷம். அந்த அணியில் நானும் இருந்தேன். என் பெயர் தீத்தாரப்பன். நான் பன்னிரண்டாவது ஆள்.

சிரிக்காதீர்கள். பதினொரு பேர் ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஆளுக்கு என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாரும் கேட்பதுதான். பதினொரு பேரையும் யார் வேண்டுமானாலும் களத்தில் இறக்கலாம். பன்னிரண்டாவது ஆளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் பாயசத்தை எப்போது ஊற்றுகிறார்கள்? எடுத்தவுடனேயா ஊற்றுகிறார்கள்? இதை எங்கள் கிளேட்டன் துரையே என்னிடம் சொன்னார். பாயசத்தை அவர் சொல்லவில்லை, அது நான் சேர்த்தது. அவர் சொன்னது, "தீத்தாரப்பன், நீ உட்கார். நான் கூப்பிடும்போது வா" என்பதுதான்.

முதலில் ஆட்டத்தை விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்பிப் போவீர்கள். பந்து உருண்டையாக இருக்காது. நாட்டுப் பப்பாளி மாதிரி நீளமாக, இரண்டு நுனியும் கூம்பி இருக்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். எதிராளிகள் உங்கள் மேல் விழுந்து உங்களைச் சாய்ப்பார்கள். சாய்ந்தால் பரவாயில்லை. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, விழுந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கலாம். அவ்வளவுதான் ஆட்டம். கால்பந்து என்று பெயர், ஆனால் பந்துக்கும் காலுக்கும் அதிகம் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் அப்படி என்று துரையிடமே கேட்டேன். அவர், தம் தேசத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை என்றார்.

கிளேட்டன் துரை எங்களுக்கு இரசாயனம் நடத்தினார். அமெரிக்காவில் படித்த காலத்தில் இந்த ஆட்டத்தை ஆடியவர். கப்பலில் வரும்போது துணிப் பெட்டிக்குள் அந்தப் பந்தையும் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். சென்னை ராஜதானி முழுவதிலும் அந்த ஆட்டத்துக்கு அந்த ஒரு பந்துதான் இருந்திருக்கும். எதிர்த்து ஆட இன்னோர் அணி இருக்கிறதா என்று அவர் பந்தைக் கொண்டுவருவதற்கு முன் யோசிக்கவில்லை. படித்தவர்கள் அப்படித்தான்.

தலைக்கவசம் வேண்டும் என்றார். துண்டைச் சுருட்டிச் சும்மாடு மாதிரி தலையில் வைத்துத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டோம். தோளுக்கு மெத்தை வேண்டும் என்றார். விடுதித் தலையணைகளை இரண்டு தோளிலும் கட்டிக்கொண்டோம். ஓர் ஆட்டம் முடிந்தால் மைதானம் முழுக்க இலவம் பஞ்சு பறக்கும். பருவம் முடிந்தபோது கிழியாமல் வெள்ளை வெளேரென்று இருந்த தலையணைகள் என்னுடையவை மட்டும்தான். நான் எவ்வளவு கவனமாக ஆடினேன் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எங்களில் சுடலைமுத்து என்று ஒருவன் இருந்தான். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை. நல்ல ஓட்டக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாய் கொஞ்சம் நீளம். எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "வே தீத்தாரு, உமக்குத் தலகாணி எதுக்குவே? தூங்கவா?" என்பான். நான் பதில் சொல்ல மாட்டேன். தூங்கினேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் அணிக்கு ஒரு சிறிய சிக்கல் இருந்தது. பதினொரு பேரும் சடுகுடு ஆடி வளர்ந்தவர்கள். சடுகுடுவில் பாடிக்கொண்டு போகிறவன் மூச்சு விடக் கூடாது. விட்டால் அவன் ஆட்டம் முடிந்தது. எதிராளி தொட்டுவிட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். இதில் ஏமாற்றுகிறவனை எங்கள் பக்கத்தில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். துரை என்ன செய்தார்? தொட்டால் போகக் கூடாது, விழுந்தாலும் போகக் கூடாது, தாராளமாக மூச்சு விடலாம் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். களத்தில் இறங்கியதும் சுடலைமுத்து பந்தை அணைத்துக்கொண்டு, "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே ஓடுவான். மூச்சு முட்டினால் பந்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வருவான். யாராவது தோளைத் தொட்டால் கோட்டுக்கு வெளியே வந்து வேப்ப மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். துரை விசிலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அது ஜெபமா வேறெதுவுமா, எனக்குத் தெரியாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கம்பளிச் சட்டை.

ஐப்பசி பிறக்கும் சமயம் துரைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அவருடைய தங்கை தன் கையால் பின்னி அனுப்பியது. நல்ல சிவப்பு. நெஞ்சில் வேலாங்குளத்தின் முதல் எழுத்து இங்கிலீஷில் வெள்ளையாக, சாண் அகலத்துக்கு. அங்கே அணியில் நன்றாக ஆடுகிறவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு சட்டை கொடுப்பார்களாம். அந்த அம்மாள் ஒன்றுதான் பின்னியிருந்தாள். பருவம் முடிந்ததும் அதற்கு மிகவும் தகுதியான ஆளுக்குக் கொடுப்பேன் என்றார் துரை. எங்கள் ஊர் வெயிலில் தார் ரோடு இளகும் தம்பி. ஆட்டின் முதுகில் தவிர வேறு எங்கும் நாங்கள் கம்பளியைப் பார்த்ததில்லை. ஆனாலும் பன்னிரண்டு பேரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மற்றவர்களுக்கு அது ஆசை. எனக்கு அது பிழைப்பு. சொல்கிறேன்.

என் மாமா அம்பலவாணன், கடையநல்லூர்ப் பக்கம். அவர் மகள் பிரமு. சின்ன வயதிலிருந்தே எனக்குத்தான் என்று பேச்சு. ஆனால் நான் இண்டர்மீடியட் பரீட்சையில் ஒரு முறை தவறிவிட்டேன். மாமா பார்வை சுரண்டையில் அரிசி ஆலை வைத்திருக்கிறவர் மகன் பக்கம் திரும்பிவிட்டது. தீபாவளிக்குப் போயிருந்தபோது, காலேஜில் என்னதான் செய்கிறாய் என்று மாமா எல்லார் முன்னாலும் கேட்டார். நான் அமெரிக்க அணியில் இருக்கிறேன், அதில் நான்தான் ரொம்ப முக்கியமான ஆள், என்னை வெளியே எடுப்பதே இல்லை, அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு சிவப்புச் சட்டை வந்திருக்கிறது, அது எனக்குத்தான் என்றேன். நடக்கப் போவதைக் கொஞ்சம் முன்னதாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

கதவுக்குப் பின்னாலிருந்து பிரமு சொன்னாள், "அத அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கப்பா."

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தையில வா மாப்ளே. சட்டையோட வந்தா பேசுவோம். சட்டை இல்லாம வந்தா சாப்புட்டுட்டுப் போ" என்றார்.

ஆக, சட்டை இல்லாவிட்டால் பிரமு சுரண்டைக்கு. இது உங்களுக்கு விளங்கியதா? சரி, இனி ஆட்டங்களைக் கேளுங்கள்.

முதல் ஆட்டத்துக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியை அழைத்தோம். கால்பந்து ஆட வாருங்கள் என்றுதான் அழைப்பு. வந்தார்கள். எங்கள் பந்தைப் பார்த்ததும் அவர்கள் காப்டனுக்கு மனசு தாங்கவில்லை. யார் இப்படி மிதித்தது என்று விசாரித்துவிட்டு, தங்களிடம் நல்ல உருண்டைப் பந்து இருக்கிறது, இரவல் தருகிறோம் என்றான். மரியாதைக்கு வாங்கிக்கொண்டோம். இரண்டு பந்தும் களத்தில் இறங்கின. அவர்கள் உருண்டைப் பந்தை உதைத்துக்கொண்டு ஒரு பக்கம் போனார்கள். நாங்கள் பப்பாளிப் பந்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பக்கம் போனோம். அவர்களைத் தடுக்க எங்களில் ஆள் இல்லை, எங்களைத் தடுக்க அவர்களில் ஆள் இல்லை. நடுவில் எதிர்ப்பட்டால் ஒருவருக்கொருவர் வழி விட்டோம். கணக்குப்படி அவர்கள் ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்தார்கள், எங்கள் ஆட்டத்தில் நாங்கள். இரண்டையும் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது என்று கணித வாத்தியாரே சொல்லிவிட்டார். வடையும் காப்பியும் வந்தன. கலைந்தோம். என்னைத் துரை கூப்பிடவில்லை. அவ்வளவு சாதாரண ஆட்டத்துக்கு என்னை எதற்கு இறக்க வேண்டும்?

இரண்டாவது ஆட்டம் ரிசர்வ் போலீஸ்காரர்களோடு. திடகாத்திரமான ஆட்கள், கயிறு இழுப்பதில் பேர் வாங்கியவர்கள். நமக்குச் சரியான ஜோடி என்று துரை சந்தோஷப்பட்டார். விசில் ஊதினார். பந்தை எடுத்த போலீஸ்காரர் மேல் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் விழுந்தார்கள். போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? விலக்கிவிட்டார்கள். பழக்கம் தம்பி, பழக்கம். நாலு பேர் கட்டிப் புரண்டால் அவர்களுக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் விலக்கினார்கள். ஏட்டையா வந்து, முதலில் கை வைத்தது யார் என்று கேட்டார். ஞானையா என்று ஒருவன், பாதிரியார் மகன், பொய் சொல்ல வராது. சுடலைமுத்துதான் என்று கை காட்டினான். சுடலைமுத்துவைக் கூப்பிட்டு, படிக்கிற பிள்ளை இப்படிச் செய்யலாமா என்று புத்தி சொல்லி, என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். "இவனப் பாரு. எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கான்" என்று ஏட்டையா என்னைக் காட்டினார். ஆட்டம் அதற்கு மேல் நகரவில்லை. அந்தப் பருவத்தில் எதிரணியே பாராட்டிய ஒரே ஆள் நான்தான். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பெச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரையின் மகள். உண்மையான பெயர் பெட்ஸி. ஊரில் அது பெச்சி ஆகிவிட்டது. ஆறு வயசு இருக்கும். வளர்த்த ஆயா வேலாங்குளத்துக்காரி, அதனால் குழந்தை வாயைத் திறந்தால் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் வரும். ஆட்டம் நடக்கும்போதெல்லாம் வேப்ப மரத்தடியில் என்னோடுதான் இருப்பாள். ஆட்டத்தின் நுணுக்கங்களை அவளுக்கு விளக்குவேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டே சிரட்டையில் மண்சோறு ஆக்கி எனக்கு ஊட்டுவாள். "அசையாமத் திங்கணும்" என்பாள். அசையாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

மூன்றாவது ஆட்டம்தான் பெரியது. மார்கழியில் தூத்துக்குடிக்கு ஓர் அமெரிக்கச் சரக்குக் கப்பல் வந்தது. துரை சைக்கிளிலேயே போய் மாலுமிகளை அழைத்துவிட்டார். வந்தார்கள். ஒவ்வொருவனும் நெல் குதிர் மாதிரி இருந்தான். அந்த ஆட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் தலையில் இருந்த சும்மாட்டைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு என்னைக் கூப்பிடாமல் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்று ஆடினால் சட்டை, சட்டை கிடைத்தால் பிரமு. தலையணைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பெச்சி இன்னொரு கவளம் ஊட்டினாள்.

சுடலைமுத்து பந்தோடு கிளம்பினான். "சடுகுடு சடுகுடு" என்று அவன் பாடியதும் மாலுமிகள் அப்படியே நின்றுவிட்டார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். மந்திரம் என்று நினைத்தார்களோ என்னவோ. அவன் அவர்களுக்கு நடுவில் புகுந்து ஓடுகிறான், ஓடுகிறான், கடைசிக் கோடு ஒரு கை தூரம், ஊரே எழுந்து நிற்கிறது. மூச்சு முட்டிவிட்டது. பந்தைப் பதமாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தான். திரும்பி நடந்து வந்துவிட்டான். துரை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாலுமிகள் சுதாரித்துக்கொண்டு தொடத் தொடங்கினார்கள். தொடப்பட்டவன் எல்லாம் வேப்ப மரத்தடிக்கு வந்தான். ஒருவன் வந்தான், இருவர் வந்தார்கள், கொத்தாக வந்தார்கள். ஞானையாவுக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, தொட்டது உண்மைதான் என்று தானாகவே சொல்லிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் களத்தில் எங்கள் பக்கம் காக்கை குருவிகூட இல்லை. மாலுமிகளின் தலைவன் துரையிடம் வந்து, இவர்களுக்கு உடம்புக்கு என்ன என்று கவலையோடு கேட்டான்.

துரை என் பக்கம் திரும்பினார். பருவம் முழுக்க நான் காத்திருந்த வார்த்தை அது. "தீத்தாரப்பன், வா" என்றார்.

எழுந்தேன். மண்சோற்றைத் துடைத்தேன். கோட்டுக்கு வந்தேன். ஊர் மூச்சு விடவில்லை. மாலுமிகளின் தலைவன் நல்ல மனுஷன், புதிதாக ஓர் ஆள் வருகிறானே என்று சிரித்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

தொட்டுவிட்டான். பார்த்தீர்களா? எதிராளி தொட்டுவிட்டான். மற்றவர்களாக இருந்தால், கை குலுக்கியதெல்லாம் கணக்கில்லை என்று வாதாடியிருப்பார்கள். நான் அந்த நிமிஷமே திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டேன். சட்டை போனால் போகட்டும், பிரமு போனால் போகட்டும், ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. சுடலைமுத்துகூட என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "இதுக்காவே இம்புட்டு நாளு உக்காந்திருந்தீரு?" என்றான். அவ்வளவு மரியாதை அவன் குரலில்.

எதிரே ஆள் இல்லாமல் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்றார்கள் மாலுமிகள். அவர்களும் வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். துரை விசில் ஊதினார். அதோடு பருவம் முடிந்தது. இப்போது விடுகதை புரிந்ததா?

அப்போதே, அங்கேயே, துரை சட்டையை வெளியே எடுத்தார். இனி இந்தப் பந்தைத் தொட மாட்டேன், இந்தக் கடமையையும் இப்போதே முடித்துவிடுகிறேன் என்றார். யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை. ஓடியது முழுக்க நான்தான் என்றான் சுடலைமுத்து. ஓடினாயே, போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டார்கள் மற்றவர்கள். ஞானையா கையிலிருந்த பல்லைக் காட்டினான். அது நல்ல வாதம், எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. நானும் எழுந்து என் தரப்பைச் சொன்னேன். ஒரு தடவைகூடப் பந்தைத் தவறவிட்டதில்லை, ஒரு தடவைகூட யாரும் என்னைக் கீழே சாய்த்ததில்லை, கல்லூரித் தலையணைக்குச் சேதமில்லை, போலீஸே பாராட்டியது என்றேன். துரைக்குக் கண் கலங்கியது மாதிரி இருந்தது. மாலுமிகளுக்கு அதை இங்கிலீஷில் சொன்னார். அவர்களுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியில், பெரியவர்களால் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, குழந்தை சொல்லட்டும் என்றார். சட்டையைப் பெச்சி கையில் கொடுத்தார். உடனே ஆளாளுக்கு அவளைத் தாஜா செய்யக் கிளம்பிவிட்டார்கள். ஒருவன் கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றான். சுடலைமுத்து அவளைத் தோளில் தூக்கி வைத்துக் குளத்தங்கரை வரை போகலாம் என்றான். நான் என் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். தையில் கடையநல்லூரில் சாப்பிட்டுவிட்டு மட்டும் திரும்பி வருவதை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெச்சி வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். ஒவ்வொருவர் முதுகிலும் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கடைசியாக என்னிடம் வந்தாள். என் முதுகையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாரும் வேர்த்து நனைஞ்சிருக்காவ. சட்டை பாழாப் போவும். இந்த அண்ணன் மட்டுந்தான் காஞ்சிருக்கு" என்று சொல்லி, அதை என் மடியில் போட்டாள்.